கடைத் தண்ணீர்

அப்பா கடையில் வாங்கிய தண்ணீரில் காப்பி போட்டார்.

நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களை ஆயுள் முழுக்கக் கேலி செய்தவர் அவர். எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு நார்வே முழுக்கத் தேடினாலும் ஈடு கிடையாது என்பார். இப்போது அடுப்புப் பக்கத்தில் பிளாஸ்டிக் பாட்டில்கள் வரிசையாக நின்றன.

ஆற்றில் ஊற்றுகிற மருந்து யார் கிணற்றுக்கும் வராது என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன். அப்பாவிடமும் சொன்னேன். தலையாட்டினார்.

என்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து என்பது மீன்வளத் துறையில் நாங்கள் வைத்த பெயர். ஊர் அதை விஷம் என்றுதான் சொல்கிறது. இரண்டும் உண்மை.

எங்கள் ஆற்றுச் சால்மன் குஞ்சுகளின் தோலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புழு ஒட்டிக்கொண்டு அவற்றைத் தின்றுகொண்டிருந்தது. மீன் இருக்கும்வரை புழுவும் இருக்கும். அதனால் ஆற்றில் எந்த மீனும் மிஞ்சக் கூடாது. இந்த ஆற்று மீன்களின் வம்சத்தை முன்பே மலைமேல் ஒரு பண்ணையில் பத்திரப்படுத்திவிட்டோம். ஆறு சுத்தமானதும் புழு ஒட்டாத முட்டைகளாகத் திருப்பிக் கொண்டுவருவோம். ஆனால் புழுவோடு ஒரே ஒரு குஞ்சு தப்பித்தாலும் அத்தனையும் வீண். மறுபடி முதலிலிருந்து கொல்ல வேண்டும்.

இன்று அதை முடித்தோம். ஊரே கரையில் நின்று பார்த்தது. யாரும் திட்டவில்லை. பக்கத்து வீட்டு அஸ்லாக் மட்டும், நான் காதில் வாங்க வேண்டும் என்றே, தன் நாயிடம் பேசுவதுபோலச் சொன்னாள்.

"பாத்தியா, ஆத்தைக் கொன்னுட்டு அப்பன் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போறா."

காப்பியில் பிளாஸ்டிக் வாசனை அடித்தது. சமையலறை ஜன்னலில் அம்மா தைத்த திரை இல்லை. அப்பா துவைக்கப் போட்டிருப்பார்.

கையில் மீன் நாற்றம் போகவில்லை. கழுவப் போனேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. மோட்டார் கெட்டுவிட்டது என்று அப்பா அவசரமாக எழுந்து வந்தார். அந்த அவசரத்தைப் பார்த்துத்தான் குளியல் தொட்டியின் மறைப்பை விலக்கினேன்.

தொட்டி நிறைய ஆற்றுத் தண்ணீர். அதில் சால்மன் குஞ்சுகள். யாரோ விரலால் மை தொட்டு வரிசையாக ஒற்றியதுபோல் விலாவில் கருந்தடங்கள். எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து, இல்லாத ஓட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தன.

ஓரத்தில் அம்மாவின் திரை ஈரமாகக் கிடந்தது. அப்பா அதை வலையாக்கி, முழங்கால் வலியோடு, நேற்று ஆற்றில் இறங்கியிருக்கிறார்.

வசந்தத்தில் ஒரு வாளியில் எடுத்துப்போய் ஆற்றில் விட்டிருப்பார். ஆற்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அவராகவே பேசினார்.

"நீ மலை மேல வெச்சா பாதுகாப்பு. நான் தொட்டியில வெச்சா குத்தமா? நல்லா இருக்குடி உங்க நியாயம்."

காரிலிருந்து கிராம்பு எண்ணெயைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். வலி தெரியாமல் மயங்கிச் சாகும். அம்மா இருந்தவரை கிறிஸ்துமஸுக்கு ஆரஞ்சுப் பழங்களில் கிராம்பு குத்தி ஜன்னலில் தொங்கவிடுவாள். குளியலறை முழுக்க அந்த வாசனை. குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்தன. அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை நின்றார்.

பிறகு ஒரு பாட்டிலைத் திறந்து என் கைகளில் ஊற்றினார். சின்ன வயதில் செய்ததுபோல் விரல் இடுக்குகளைத் தேய்த்துவிட்டார்.

"அவ்வளவுதாம்மா. வேற இல்ல."

நம்பினேன். நம்புவதற்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை இப்போது யோசித்தால் பயமாக இருக்கிறது.

செத்த குஞ்சுகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஒரு பூட்ஸை மாட்டியாகிவிட்டது. அடுத்ததை மாட்டச் சுவரைப் பிடித்தபோது கை பட்ட இடத்தில் மோட்டாரின் சுவிட்ச் இருந்தது.

அது அணைக்கப்பட்டிருந்தது. யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாது என்று மேலே நாடா ஒட்டியிருந்தது. இரண்டு அடுக்கு.

கெட்டுப்போன மோட்டாருக்கு யாரும் நாடா ஒட்டுவதில்லை.

கிணற்று மோட்டார் தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. விரல் நீளத்தில் ஏதாவது நீந்திக்கொண்டிருந்தால் அதையும் இழுக்கும்.

அப்பா என் மருந்துக்குப் பயப்படவே இல்லை. நான் சொன்னதை ஊரில் முழுமையாக நம்பிய ஒரே ஆள் அவர்தான். மருந்து கிணற்றுக்கு வராது என்று நான்தானே சொன்னேன்.

முற்றத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கிணற்றின் மர மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு கூழாங்கல் சொருகியிருந்தது. ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி.

காற்றுக்காக.

காருக்குப் போய் மிச்சமிருந்த கிராம்பு எண்ணெயை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அப்பா சமையலறை ஜன்னலில் நின்றிருந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

அவர் கை பழக்கத்தில் பக்கவாட்டில் உயர்ந்து, இல்லாத திரையைத் தேடியது.