பிரஷர் நாலு

“பிரஷருக்கு ஒண்ணு, சூட்டுக்கு ஒண்ணு. ரெண்டு மீட்டரையும் இவர் கண்ணுக்கு நேரா மாட்டணும்,” என்றாள் அந்த அம்மாள், காரிலிருந்து இறங்கியும் இறங்காததுமாக.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “வீட்டு வண்டிக்கு ஆயில் மீட்டர் எதுக்கும்மா? பிரஷர் குறைஞ்சா சிவப்பு லைட்டு எரியுமே?”

“லைட்டு எரியறதுக்குள்ள இன்ஜினே எரிஞ்சுடும்னு இவர்தான் சொல்லிட்டே இருப்பார். நாளைக்கு மலைப்பாதை. பொண்ணையும் அவ குழந்தையையும் கூட்டிட்டு வரப் போறோம். பொறந்து ஒரு மாசம்கூட ஆகல. வழியில ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த டெய்லர் காதைத் தீட்டிக்கொண்டார். அவருடைய ஸ்கூட்டருக்கு கிளட்ச் கேபிள் மாற்றி வெகுநேரமாகிவிட்டது. ஆனால் அடுத்த வீட்டுச் சங்கதி பாதியில் நிற்கும்போது எழுந்து போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

காரை ஓட்டி வந்த கணவர் பானெட்டைச் செல்லமாகத் தட்டினார். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல வண்டிக்குன்னு இவ வாங்கற முதல் சாமான்! நான் வேண்டாம்னா சொல்வேன்? ஆனா ஒண்ணும்மா, மலைப்பாதைக்கெல்லாம் பயப்படாதே. அந்த ரோட்டை நான் கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவேன்.”

“தெரியுமே,” என்றாள் அவள்.

பேத்தியைப் பார்க்கப் போகிறவர் பளிச்சென்று இருக்க வேண்டாமா? முடி வெட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி, பக்கத்து சலூனுக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், அந்த அம்மாள் மெக்கானிக்கைக் காருக்குப் பின்னால் அழைத்துப்போய் என்னவோ கிசுகிசுத்தாள்.

“அது எப்படிம்மா?” என்றான் அவன். மறுபடியும் கிசுகிசு. “சரி, உங்க இஷ்டம்.”

டெய்லருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை கழுவுகிற சாக்கில் குழாய்ப் பக்கம் நகர்ந்தார். அதற்குள் பேச்சு முடிந்து, அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள்.

மெக்கானிக் வேலையைத் தொடங்கினான். ஆயில் ஃபில்டர் பக்கத்தில் எதையோ கழற்றினான், வேறெதையோ முடுக்கினான். அங்கிருந்து ஒயரை இழுத்து உள்ளே கொண்டுபோனான். டாஷ்போர்டில் டிரில்லை வைத்ததும் ஷெட்டே கிறீச்சிட்டது.

அந்த அம்மாள் சற்றுத் தள்ளிப்போய் போனில் பேச ஆரம்பித்தாள். டெய்லர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“என்னப்பா சொன்னாங்க?”

“வேலையைப் பத்தித்தான்.”

“வேலையைப் பத்திச் சொல்ல எதுக்குக் காதுல ஓதணும்?”

“டெய்லரே, நீங்க யாரோட இடுப்பளவையாவது இதுவரைக்கும் வெளியில சொல்லியிருக்கீங்களா?”

டெய்லர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் மனசு மூடுமா? ‘விலை உயர்ந்த மீட்டர் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, ஏதோ மட்டமான சரக்கை மாட்டச் சொல்கிறாள். மிச்சத்தை அமுக்கிக்கொள்ளப் பார்க்கிறாள்’ என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். பாவம், அந்த மனுஷர் வாயெல்லாம் பல்லாக முடிவெட்டப் போயிருக்கிறார்.

மெக்கானிக் வெளியே வந்து கையைத் துடைத்தான். “இடது பக்கம் மறுபடியும் உரசியிருக்கேம்மா? போன மாசம்தானே பெயிண்ட் அடிச்சோம்?”

“கேட் குறுகலா இருக்காம்,” என்றாள் அவள்.

கணவர் புதுத் தலையோடு திரும்பி வந்தார். “முடிஞ்சுதா?”

“உட்கார்ந்து பாருங்க சார்,” என்ற மெக்கானிக், என்ன காரணமோ, காரை விட்டு நாலடி தள்ளியே நின்றான்.

கணவர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். மனைவி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். இன்ஜின் உறுமி, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

“என்னங்க, மீட்டர் நல்லாத் தெரியுதா?”

“ஏன் தெரியாம? கண்ணாடி மாதிரி இருக்கே!”

“பிரஷர் எவ்வளவு?”

அவர் தலையை லேசாகச் சாய்த்தார். “ஒன்றரை.” பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். “இப்ப பாரு... நாலு! முள்ளு என்னமா ஏறுது!”

“சூடு?”

“அம்பதுகூட ஆகல. ஆயில் மெதுவாத்தாம்மா சூடாகும். பத்து நிமிஷம் ஓட்டினா எண்பதுக்கு வந்துடும்.” பெருமை தாங்காமல் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டார். “இவ்வளவு நல்ல மீட்டரை எங்கே பிடிச்சே?”

பின்சீட்டில் அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டெய்லருக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மீட்டர் வேலை செய்கிறது, மனுஷருக்கும் பிடித்துவிட்டது. அப்புறம் எதற்கு இந்த அழுகை? மானம் மரியாதையெல்லாம் பார்க்காமல் நேராகப் போய் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

டாஷ்போர்டில் வட்டமாக இரண்டு ஓட்டைகள். உள்ளே இருட்டு. கறுப்பு ஒயர்களின் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது.

அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து, இன்னும் மாட்டாத இரண்டு புது மீட்டர்களை எடுத்தாள். எட்டி அவற்றைக் கணவர் மடியில் வைத்தாள்.

“கண் டாக்டர்கிட்ட கூப்பிட்டப்பல்லாம் ‘எனக்கு எல்லாம் தெரியுது’ன்னீங்களே,” என்று சொல்லி, சாவிக்காகக் கையை நீட்டினாள்.