அடுத்த வழக்கு

அந்த அட்டையைக் கைப்பைக்குள் வைத்துவிடேன், அமுதா. என் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு நிற்காதே.

சந்திரகலா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

புத்ராஜெயா நீதிமன்றப் படியில் நின்று, அமுதவள்ளி தன் தத்து மகளின், குடிமக்களுக்கான நீல அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மாலைதான் பதிவு இலாகாவில் கூப்பிட்டுக் கொடுத்தார்களாம்.

இன்று காலை தீர்ப்பு வந்திருக்க வேண்டும். தத்துப் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டா இல்லையா என்று நீதிபதிகள் சொல்லியிருக்க வேண்டும். அமுதவள்ளியின் மகளுக்குச் சொல்வது தங்கள் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்றுதான் மற்றக் குடும்பங்கள் இத்தனை வருடம் காத்திருந்தன.

அட்டை கிடைத்துவிட்டதால் வழக்கைத் திரும்பப் பெறுவதாக அமுதவள்ளியின் தரப்பு சொன்னது. நீதிபதிகள் தீர்ப்பு எதுவும் சொல்லாமல் எழுந்து போனார்கள்.

நேற்று ராத்திரி போனில்கூட அமுதவள்ளி அட்டையைப் பற்றி மூச்சுவிடவில்லை. நாளைக்கு என்ன சேலை கட்டுவது என்று கேட்டாள். சந்திரகலா யோசித்து, பச்சை என்று சொன்னாள்.

பச்சையில்தான் வந்திருந்தாள்.

சந்திரகலாவின் தத்து மகன் பிரவின் கிள்ளானில் பிறந்தவன். அதே கிள்ளானில், இழுப்பு வந்து மூச்சுத் திணறும்போதும், மருத்துவமனையில் அவனை வெளிநாட்டவர் பணம் கட்டும் முகப்புக்குத்தான் அனுப்புகிறார்கள்.

அமுதவள்ளி கிட்டே வந்தாள். மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டாள்.

"இன்னிக்கே அதுக்கு லேமினேட் போட்டுருவா லா," என்றார் செலாயாங்கிலிருந்து வந்திருந்த சுகுமாறன். அவர் சந்திரகலாவின் பக்கம் திரும்பினார்.

"அடுத்த கேஸ் நம்ம பிரவினோடதுதான்க்கா. உங்களுக்கும் இப்படித்தான் நடுவுல நீல ஐசிய நீட்டுவாங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் வாங்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எம்பொண்ணும் உங்க கேஸ் பின்னாலதான் நிக்கிறா."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

சொல்லிவிடலாம். அந்தக் கார் புறப்படும்போது கேட்டிருந்தால், கோபத்திலேயே சத்தியம் செய்திருப்பாள்.

இப்போது, நீல அட்டையில் பிரவினின் முகம் எப்படி விழும் என்று அவள் மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவன் சட்டையைக் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தான்.

"அந்த வார்த்தைய என்னால குடுக்க முடியாது தம்பி."

மெல்லத்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டுவிட்டது.