இன்னும் அஞ்சாறு பேர்

"இந்த ஊர்ல யாரும் வாசல்ல செருப்பைக் கழட்ட மாட்டாங்க. மானத்தை வாங்காதே," என்று பல்லைக் கடித்தான் கணவன். மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அவனையும் பிள்ளைகளையும் ஷூவைக் கழற்றவைத்து, தன் செருப்போடு வரிசையாக அடுக்கினாள்.

ஹோட்டல் அறையை மறுநாள் காலி செய்தாக வேண்டும். வாடகைக்குப் பார்த்த வீடெல்லாம் கைநழுவிப் போய், மிச்சமிருந்தது இந்த ஒரு வீடுதான்.

"இன்னும் அஞ்சாறு பேர் வர்றாங்க. எல்லாரையும் பார்த்துட்டுத்தான் சொல்வேன்," என்றார் வீட்டுக்காரர்.

காத்திருந்தார்கள். ஒரு ஈ காக்காகூட வரவில்லை. வீட்டுக்காரர் அலுத்துப்போய்ச் சாவியை நீட்டினார்.

வெளியே வந்ததும் எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள்: "எப்போ குடிவந்தீங்க? வீடு பார்க்க வந்தவங்க எல்லாம் வாசல்ல இருந்த செருப்புங்களைப் பார்த்துட்டு, 'ஆள் வந்தாச்சு'ன்னு திரும்பிப் போயிட்டாங்களே!"

கணவன் குனிந்து, மனைவியின் செருப்பை எடுத்து அவள் காலடியில் வைத்தான்.