இரண்டாம் அத்தியாயம்

“கொலை பண்ணது யாருன்னு உனக்குத் தெரியும்தானே?”

அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார் அவர். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“தெரியும் அங்கிள்.”

சொல்லியாயிற்று. வாயைவிட்டுப் போனதை இனி திரும்ப எடுக்க முடியாது.

கொலை நடந்தது ஒரு துப்பறியும் நாவலில். கேட்டவர், அவள் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பவனின் அப்பா.

“அப்பா ஒரு கதை வாங்கியிருக்காரு. முதல் தடவை வீட்டுக்கு வரும்போது நீயும் அதைப் படிச்சிட்டு வரணுமாம்” என்று அவன் சொன்னபோதே அவளுக்கு அது பரீட்சை என்று பட்டது. போதாக்குறைக்கு அவன் அக்கா வேறு போனில் பயமுறுத்தினாள்.

“எங்க வீட்டுக்காரர்கிட்டயும் இப்படித்தான் ஒரு புத்தகத்தைப் பத்திக் கேட்டாரு. இவர் படிக்காமலே படிச்சேன்னு புருடா விட்டு மாட்டிக்கிட்டாரு. எங்களுக்கு ரெண்டு பிள்ளையாச்சு. இன்னும் எங்கப்பா வாயில ‘மாப்பிள்ளை’ங்கற வார்த்தை வரல.”

அவள் ஒன்றும் சோம்பேறி இல்லை. அச்சில் வராத நாவல் என்பதால் காசு கட்டி மின்னூலாகவே வாங்கினாள். முதல் அத்தியாயம் இலவசப் பகுதி, அழகாகத் திறந்தது. இரண்டாம் அத்தியாயத்தைத் தொட்டதும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி வழிமறித்தது. ‘இந்தக் கணினியில் படிக்க அனுமதி இல்லை.’

எல்லாம் அவனால் வந்த வினை. நண்பர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் லினக்ஸ் சாமியார். யாருடைய கணினி கையில் கிடைத்தாலும் உள்ளே இருக்கும் விண்டோஸை வழித்தெறிந்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அவளுடையதையும் விட்டுவைக்கவில்லை. திருட்டுப் பிரதி எடுக்காமலிருக்க அந்த மின்னூல் கடை போட்டிருந்த பூட்டுக்கோ லினக்ஸ் என்றாலே ஆகாது.

பழைய போனில் கடையின் செயலி ஏறவில்லை. ஆபீஸ் கணினியில் வெளி ஆட்களுடைய எதையும் ஏற்ற விடமாட்டார்கள். கடையின் உதவி எண்ணில் பேசிய பெண், “வேற கம்ப்யூட்டர் வாங்கிக்கோங்க மேடம்” என்று தேனொழுகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். “ரெண்டு நாள் குடு, நான் பாத்துக்கறேன்” என்ற சாமியார், இதோ வெளியே அம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான்.

“அந்த நர்ஸ் மேல எனக்கு முதல்லேருந்தே சந்தேகம்” என்றார் அவர். “டம்ளரை எடுத்துப் பைக்குள்ள மறைக்கறா பாரு!”

“ஆமாம் அங்கிள். கையில உறைகூடப் போட்டிருந்தா.” முதல் அத்தியாயம் அவளுக்கு மனப்பாடம்.

“தோட்டக்காரன்?”

“அவனும்... சரியான ஆள் இல்ல அங்கிள்.”

“அப்போ ரெண்டு பேர்ல யாரு?”

ஜன்னலுக்குக் கம்பி. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அவர். அவள் மேசைப் பக்கம் பார்வையைத் திருப்பினாள்.

“லேப்டாப் நல்லா இருக்கே அங்கிள். புதுசா?”

“புதுசா? ஆமை மாதிரி ஊர்ந்துட்டிருந்தது. தூக்கிப் போட இருந்தேன். பையன் கை வெச்சான், இப்ப குதிரையா ஓடுது. வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அவனைப் பத்தித்தான் பெருமையா சொல்லிட்டிருக்கேன்.” நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். “அதை விடு. நர்ஸா, தோட்டக்காரனா?”

“உங்களுக்கு என்ன தோணுது அங்கிள்?”

“எனக்குத் தோணறது இருக்கட்டும். நீ சொல்லு.”

கதவுக்கு வெளியிலிருந்து அவன் அம்மாவின் குரல் கேட்டது. “பொண்ணு வந்து ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல. அதுக்குள்ள போலீஸ் ஸ்டேஷன் மாதிரி உள்ள வெச்சு என்ன விசாரணை?”

“ரெண்டே நிமிஷம்! நீ போ!”

குத்துமதிப்பாக நர்ஸ் என்று சொல்லிவிடலாமா? சரியாக இருந்தால் தப்பித்தாள். தப்பாக இருந்தால்? இன்னும் மாப்பிள்ளை ஆகாத அந்த மாப்பிள்ளை நினைவுக்கு வந்தார். அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கிள், நான் பொய் சொல்லிட்டேன்.”

“என்னது?” என்றார் அவர்.

“முதல் அத்தியாயத்துக்கு மேல எனக்குத் திறக்கவே இல்ல. காசு கட்டித்தான் வாங்கினேன். இந்தக் கம்ப்யூட்டர்ல படிக்க அனுமதி இல்லைன்னு வந்து நிக்குது. கொலைகாரன் யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாது அங்கிள்.” கடைசி வார்த்தையில் குரல் உடைந்து உயர்ந்துவிட்டது.

“மெல்லப் பேசு. பையன் காதுல விழப்போகுது.”

அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. மகன் எதிரில் அவமானப்படுத்தாமல் அனுப்பிவைக்கப் பார்க்கிறார். அவ்வளவு நல்ல மனிதர். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் எழவில்லை. மேசைமேல் இருந்த மடிக்கணினியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், பெருமூச்சு விட்டார்.

“உனக்கும் அந்தச் சாம்பல் கலர் பெட்டிதானா? நீயாவது முடிவைச் சொல்லுவேன்னு இருந்தேனேம்மா!”