பதினேழாம் எண்

வகுப்பறையில் மூன்று பேர்: ரத்ரி டீச்சர், மாணவி கினாசிஹ், சாவிக்கொத்துடன் இரவுக் காவலாளி நான். செமாராங் நகரத்து மாலை வெயில் கடைசி பெஞ்சு வரை நீண்டிருக்கிறது. வகுப்பில் எதை மாற்றலாம் என்று மாணவர்கள் எல்லோரையும் பெயரில்லாமல் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். ஆனால் தாளைக் கண்டாலே மூலையில் வருகைப் பதிவேட்டு எண்ணைப் போடும் கைகள் இங்கே படித்த எங்களுடையவை. எல்லாச் சீட்டிலும் எண் இருக்கிறது. 'எல்லாம் நல்லாருக்கு' என்று எழுதாதது பதினேழு மட்டும். "நான் வாசிக்கும்போது நீங்களும் சிரிக்கிறீங்க. அதனால பேசுறதையே விட்டுட்டேன்." டீச்சர் அதை மெல்லிய குரலில் படிக்கிறார்.

"பழக்கத்துல நம்பர் போட்டுட்டேன். திருப்பிக் குடுத்துடுங்க டீச்சர்" என்கிறாள் கினாசிஹ்.

"நானுமா சிரிச்சேன்?"

"கொஞ்சமா."

டீச்சர் எண் இருக்கும் மூலையை மட்டும் கிழித்து நீட்டுகிறார். "நாளைக்கு வாசிப்பியா?" கினாசிஹ் அதைக் கைக்குள் மடக்கிக்கொண்டு போகிறாள். மின்விசிறிக்கு அடியில் சீட்டுகள் படபடக்கின்றன. டீச்சர் என் பக்கம் திரும்புகிறார்.

"பாயு, நீயும் என் கிளாஸ்லதான படிச்ச? பாதியில நின்னுட்டியே, அப்ப நீ என்ன எழுதிக் குடுத்த?"

"எங்ககிட்ட நீங்க கேக்கவே இல்லையே, டீச்சர்."

அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடக்கிறார். அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டுகிறேன்.