பூங்காவுக்கு இன்னிக்கு லீவு

"அணைப் பூங்காவுக்கு இன்னிக்கு லீவுங்க. உள்ள ஏதோ வேலை நடக்குதாம்" என்றான் டிரைவர் ஆண்டிச்சாமி.

புவனேஸ்வரி டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருசமாகப் பிள்ளைகளின் லீவ் லெட்டரைப் படித்தவள். பொய் எந்த வாயிலிருந்து வந்தாலும் அவளுக்கு வாசனை தெரிந்துவிடும்.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு ஒருநாள் குடும்பச் சுற்றுலா. வேனில் பதினாலு பேர். காலையில் மலைக்கோட்டை ஏறி இறங்கியாயிற்று. வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் பிள்ளைகள் கத்திய கத்தலில் ஒரு பூச்சிகூடப் பக்கத்தில் வரவில்லை. காவிரிக் கரையில் புளியோதரையும் சாப்பிட்டாயிற்று. மிச்சம் இருந்தது அணைப் பூங்கா ஒன்றுதான். அங்கே இருக்கும் குட்டி ரயிலுக்காகவே டீச்சரின் இரண்டு பையன்களும் கிளம்பி வந்திருந்தார்கள்.

"லீவுன்னு யாருப்பா சொன்னது?"

"போன்ல விசாரிச்சேன் டீச்சர்."

"எதுக்கும் நேர்ல போய்ப் பாத்துட்டு வருவோமே."

"வீண் அலைச்சலுங்க. ஏர்போர்ட் பக்கம் கோளரங்கம் இருக்கு. பிள்ளைக நட்சத்திரமெல்லாம் பாக்கும்."

அவள் பதில் சொல்வதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

"திமிரைப் பாத்தீங்களா?" என்றாள் கணவர் பிச்சைமுத்துவிடம்.

"விடு. அவன்தான் சொல்றானே."

"நீங்க எதைத்தான் விடலை?"

அங்கே ஆதரவு கிடைக்காது என்று தெரிந்ததும் பின்சீட்டுப் பக்கம் திரும்பினாள். காலையில் மாத்தூரில் ஏறிய குடும்பம். அடைக்கலசாமி, அவர் மனைவி அடைக்கலமேரி, ஏழு வயதில் பிளெஸ்ஸி என்று ஒரு மகள்.

"ஏங்க, நீங்களும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஆசையாத்தானே வந்திருக்கீங்க? ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"லீவுன்னா என்னம்மா பண்றது?" என்றார் அடைக்கலசாமி. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடைக்கலமேரி கண்ணையே திறக்கவில்லை.

வாயில்லாப் பூச்சிகள்! இந்த மாதிரி ஆட்கள் இருக்கிறவரைக்கும் கண்டவனும் ஏமாற்றத்தான் செய்வான் என்று டீச்சர் உதட்டைச் சுழித்தாள்.

கோளரங்க வாசலில் வண்டி நின்றது. பார்த்துவிட்டு வெளியே வந்ததும் டீச்சர் செல்போனைத் திறந்தாள். அவளோடு வேலை பார்க்கும் சுமையா டீச்சர் புதுப் படம் போட்டிருந்தாள். குட்டி ரயிலில் சுமையாவின் பிள்ளைகள் கையை ஆட்டிக்கொண்டு போகிறார்கள். அதே அணைப் பூங்கா!

உடனே போன் போட்டாள்.

"சுமையா, அந்தப் படம் எப்ப எடுத்தது?"

"இப்பத்தான்க்கா. இன்னும் இங்கதான் இருக்கோம். செம கூட்டம்."

டீச்சருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? டீக்கடையில் நின்ற ஆண்டிச்சாமியின் மூக்குக்கு நேராகப் படத்தை நீட்டினாள்.

"இதென்னப்பா, லீவு விட்ட பூங்காவில பேய் ரயில் ஓட்டுதா?"

ஆண்டிச்சாமி படத்தைப் பார்த்தான். டீ கிளாஸைக் கீழே வைத்தான். வேனில் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூடிவிட்டார்கள். அவர்கள் முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"தப்புத்தான் டீச்சர். டீசல் மிச்சம் பண்ணலாம்னு..."

"கேட்டுக்கங்க எல்லாரும்! பச்சப் பிள்ளைக ஆசையில மண்ணள்ளிப் போட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறான். இதுவும் ஒரு பொழப்பா? வெக்கமா இல்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். டீச்சர் அதோடு விடவில்லை. வேன் முதலாளிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள். முழுதையும் கேட்டுவிட்டு முதலாளி கத்தினார்:

"ஏண்டா, என் பேரைக் கெடுக்கவா வண்டியக் குடுத்தேன்? சாவியை ஷெட்ல வச்சிட்டுப் போய்க்கிட்டே இரு. நாளையிலேர்ந்து வராத."

"சரிங்க மொதலாளி" என்றான் ஆண்டிச்சாமி. அவ்வளவுதான்.

"ஒருத்தன் வேலையில கை வச்சிட்டியே புவனா" என்றார் பிச்சைமுத்து மெதுவாக.

"நானா கை வச்சேன்? அவன் நாக்கு வச்சிச்சு."

அடைக்கலசாமி குடும்பம் இந்தக் கூத்து எதையும் பார்க்கவில்லை. பிளெஸ்ஸி நட்சத்திரத்தை விட்டு வர மனசில்லாமல் அடம்பிடித்ததால் கடைசியாகத்தான் வெளியே வந்தார்கள். இனிப் போய்ச் சேர்வதற்குள் பூங்காவை மூடிவிடுவார்கள் என்று வேன் ஊருக்கே கிளம்பியதும் டீச்சர் விலாவாரியாகச் சொன்னாள். கேட்கக் கேட்க அடைக்கலமேரிக்குக் கண் நிறைந்தது. புருசன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்பவாவது இவர்களுக்கு உறைத்ததே என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

மாத்தூர் வந்தது. தூங்கிவிட்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அடைக்கலமேரி இறங்கினாள். அடைக்கலசாமி டீச்சரின் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, அந்த மொதலாளி நம்பரைக் குடுங்க."

டீச்சர் முகம் மலர்ந்தது. "அப்படிக் கேளுங்க! நீங்களும் நாலு வார்த்தை நறுக்குன்னு குடுங்க."

"திட்டுறதுக்கு இல்லைங்க. இவர் டீசலுக்காகப் பொய் சொல்லலைன்னு அவர்கிட்ட சொல்லணும்."

"அவனே ஒத்துக்கிட்டானே! வேற எதுக்காம்?"

அடைக்கலசாமி ஒருதரம் திரும்பி, மகள் தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா ஆசைப்பட்டான்னு வந்தோம்மா. அந்தப் பூங்கா வந்தா, இவங்கம்மாவும் நானும் வண்டியிலயே கண்ண மூடிக்கிட்டு உக்காந்துருவோம்னு இருந்தோம். நாலு வருசத்துக்கு முந்தி எங்க மூத்தவன் அங்கதான் ஆத்தோட போனான். அன்னைக்கு அவனை வீட்டுக்குக் கொண்டாந்து எறக்குனது இந்த ஆண்டிச்சாமித் தம்பிதான்."