கல்லைப் புரட்டிய கை

ஸல்ஹாவின் தாய் சித்தி பரீதா தேத்தண்ணிக் கோப்பையை இடக்கையால் நீட்டினாள்.

குணேஸ்வரி டீச்சருக்குச் சுருக்கென்றது. லிங்கநகரிலிருந்து கிண்ணியாவுக்குப் படிப்பிக்க வந்து ஆறு வருஷம். எத்தனை வீட்டில் தேத்தண்ணி குடித்திருக்கிறாள், ஒருவரும் இடக்கையால் தந்ததில்லை. தரட்டும், நான் செய்த வேலைக்கு இதை முகத்தில் ஊற்றாமல் விட்டதே பெரிய காரியம் என்று எண்ணிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

"இருங்க டீச்சர்," என்றாள் சித்தி பரீதா, நிலத்தைப் பார்த்தபடி.

குணேஸ்வரி கதிரையில் இருக்கவில்லை. நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள். ஸல்ஹாவின் அசுமாத்தமே இல்லை.

நாலு நாளாகப் பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை. மழையென்றாலும் வெயிலென்றாலும் முதல் ஆளாய் வந்து நிற்கிற பிள்ளை. இன்று காலை வகுப்பில் விசாரித்தபோது, அதே தெரு அசனாதான் எழும்பினாள்.

"ஸல்ஹாட ஊட்டுக்குக் கார் வந்து, ஆஸ்பத்திரிக்குப் போன டீச்சர். ஒரே சனம், எங்களுக்கு ஒண்டும் தெரியல்ல. அவட வாப்பாட சத்தம் மட்டும் கேட்ட. 'புத்தகத்தில கையைப் படமாக் கீறி வெச்சா, கல்லுக்குக் கீழ கையைத்தானே உடும்' எண்டு டீச்சருக்குத்தான் ஏசினார்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அதற்கு மேல் ஒன்றும் விசாரிக்காமல், பள்ளி விட்டதும் குணேஸ்வரி நேரே இங்கே வந்திருந்தாள்.

அந்தப் புத்தகம் அவள் செய்ததுதான். எழுபத்து நாலாம் ஆண்டு, கொப்பி வாங்கவே கடை கடையாய் அலைகிற காலம், பிள்ளைகளுக்குப் படப் புத்தகத்துக்கு எங்கே போவது? பழைய கலண்டர்த் தாள்களைச் சேர்த்துத் தைத்து, பின்பக்கங்களில் தானே படம் கீறினாள். வீட்டில் எழுத்துத் தெரியாதவர்களும் பார்க்கட்டும் என்று ஓர் எழுத்தும் எழுதவில்லை.

இடப்பக்கத்தில் படம்: சேற்றில் ஒரு பொந்து, மரத்தில் ஒரு கூடு, கடற்கரையில் ஒரு கல். வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். போய்ப் பார்த்துவிட்டு வந்து, கண்டதை அதில் கீற வேண்டும். ஏழு நாளைக்கு ஒரு பிள்ளை என்று முறை வைத்து வீட்டுக்குக் கொடுத்ததில் இந்தக் கிழமை ஸல்ஹாவின் முறை.

கல்லுப் படத்தில் ஒரு சின்னக் கை கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கைதான் காலையிலிருந்து அவள் கண்ணுக்குள் நின்றது. துறைமுகத்தடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு, கல்லோடு கல்லாய்க் கிடக்கிற விஷ முள்ளு மீனைத் தெரியாதா? படம் வடிவாய் வரவேணும் என்று பார்த்தாளே தவிர, பிள்ளையின் விரலை நினைக்கவில்லை.

"நான்தான் பிழை விட்டனான்," என்றாள். கோப்பையைக் கதிரையில் வைத்தாள். "உங்கட அவர் ஏசினது நியாயம்."

"டீச்சர், அது வந்து..." சித்தி பரீதா முக்காட்டுச் சீலையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

"இல்ல, என்னைச் சொல்ல விடுங்கோ. கையைக் கீறின நான் அந்தக் கையில ஒரு தடியையும் கீறியிருக்கலாம். அந்தப் புத்தியில்லாமப் போச்சு எனக்கு. புத்தகத்தைத் தாங்கோ, இப்பவே கிழிச்சு அடுப்பில போடுறன்."

"அடுப்பிலயா?" சித்தி பரீதா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "தரமாட்டன்."

குணேஸ்வரிக்கு விஷயம் விளங்கியது போலிருந்தது. புத்தகத்தைக் கல்விக் கந்தோர் அதிகாரிகளிடம் கொண்டுபோகப் போகிறார்கள். கொண்டுபோகட்டும், வேலை போனாலும் போகட்டும், பிள்ளையின் கை திரும்பி வருமா?

"ஸல்ஹாவை ஒருக்காப் பார்க்கலாமோ?" கேட்கும்போதே அழுகை முட்டியது. "விரல் ஒண்டும் எடுக்கேல்லத்தானே?"

சித்தி பரீதா பதில் சொல்ல முன்னம் குசினிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"உம்மா, சோறு கொதிக்கிது. உப்பு எவ்வளவு போட?"

ஸல்ஹா வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் அகப்பை, மற்றக் கையில் உப்புச் சிரட்டை. டீச்சரைக் கண்டதும் இரண்டையும் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

குணேஸ்வரி பிள்ளையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

சித்தி பரீதா வெட்கப்பட்டுச் சிரித்தாள். அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்து, கல்லுப் படம் உள்ள இடத்தை விரித்துக் காட்டினாள். வலப்பக்கத்தில் அடுப்புக்கரியால் கோணல்மாணலாக ஒரு முள்ளு மீன் கிடந்தது.

பிறகு, அவ்வளவு நேரமும் முக்காட்டுக்குள் கிடந்த வலக்கையை மெல்ல வெளியே எடுத்தாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வெள்ளைத் துணிக் கட்டு.

"இந்தக் கை ஆறட்டும் டீச்சர். எனக்குக் கீற இன்னும் நாலு பக்கம் கிடக்கு."